பசை தின்ற புல்

செத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? மீன் சந்தையில் அவளுக்கு வைத்த பெயர் எலும்பம்மா. அவளுடைய அம்மா அதே சந்தையில் மீன் விற்கிறவள். மகளைப் படிக்க வைத்ததே அந்த மீன்தான். "உன் மக என்னதான் வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால் அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொல்லுவாள். "நான் சதையை வித்துட்டு எலும்பைத் தூக்கிப் போடுறேன். அவ எலும்பை வச்சுக்கிட்டுச் சதையைத் தேடுறா." இதைவிடச் சுருக்கமாக அந்தத் தொழிலைச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

விஷயம் அப்படியொன்றும் கஷ்டமானதல்ல. சாப்பிட்டது உடம்பைவிட்டுப் போனாலும் அதில் கொஞ்சம் எலும்பில் தங்கிவிடும். நைட்ரஜன் என்ற ஒரே பொருளில் லேசானது ஒன்று, கனமானது ஒன்று என்று இரண்டு வகை உண்டு. புல்லில் கனமானது கொஞ்சம்தான். புல்லைத் தின்ற ஆட்டின் எலும்பில் அது ஒரு படி ஏறியிருக்கும். ஆட்டைத் தின்ற மனிதனுக்கு இன்னொரு படி. கடலிலோ சின்னதைப் பெரியது தின்ன, பெரியதை அதைவிடப் பெரியது தின்ன, ஏணி நீண்டுகொண்டே போகும். அதனால் மீன் தின்று வளர்ந்தவர் எலும்பு ஏணியின் உச்சியில் நிற்கும், தானியமும் கீரையுமாக வளர்ந்தவர் எலும்பு கீழ்ப்படியில் நிற்கும். எலும்பம்மா எலும்புத் துண்டை அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பாள். மிஞ்சுகிற புரதத்தைச் சூடான நீரில் உருக்கி, வடிகட்டி, உறையவைத்துக் காயப்போடுவாள். கடைசியில் பஞ்சு மாதிரி வருவதை மெஷினுக்குக் கொடுப்பாள். எந்தப் படி என்று மெஷின் சொல்லிவிடும்.

அந்த நகரத்தின் கடற்கரை மணலில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய இடுகாடு ஒன்று கிடைத்திருந்தது. கிடைத்தது இன்று நேற்றல்ல, எலும்பம்மா பிறப்பதற்கு முன்பு. தோண்டியெடுத்த எலும்புகள் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் தூங்கின. அவற்றின்மேல் தாயாதி போல உரிமை கொண்டாட ஒருவர் இருந்தார். பேராசிரியர். அந்த இடுகாட்டைப் பற்றி யார் என்ன எழுதினாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். புதைக்கப்பட்டவர்கள் உள்நாட்டு உழவர்கள், செத்தவர்களை மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வயலுக்குப் போனவர்கள், கடலில் கால் நனைக்கத் தெரியாதவர்கள் என்பது அவர் கட்சி. மீன் பிடிக்கிறவர்கள் இந்தக் கரைக்கு வந்ததெல்லாம் நேற்றுத்தான் என்றும் மேடைக்கு மேடை சொல்லுவார்.

படித்தவர் சொன்னால் அதோடு போகுமா? கரையோரக் குடியிருப்புக்காரர்கள் தண்ணீர்க் குழாய் கேட்டுப் போனாலும் சரி, தெருவிளக்கு கேட்டுப் போனாலும் சரி, "நீங்க நேத்து வந்தவங்கதானே?" என்று அலுவலகத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எலும்பம்மாவின் அண்ணனுக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. அவன் படகு வைத்திருப்பவன், அவனுக்கு முன்னால் அப்பா, அதற்கு முன்னால் யார் யாரோ. இப்போது அருங்காட்சியகத்தில் புதுக்கூடம் கட்டி, வாசலில் ஆளுயரப் பலகை வைத்து, 'இக்கரையின் முதல் மக்கள் கடலை உண்ணாதவர்கள்' என்று பேராசிரியரின் வாக்கியத்தைப் பொறிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

"நான் பாக்குறேன்" என்று முந்திக்கொண்டு போய் நின்றது எலும்பம்மாதான். எலும்பைக் கொடுங்கள், மீன் தின்றார்களா இல்லையா என்று மெஷினே சொல்லட்டும் என்று பேராசிரியரிடமே கேட்டாள். அவரும் மறுக்கவில்லை. பதினெட்டுப் பேரின் எலும்பிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் வந்து சேர்ந்தன. "மெஷின் பொய் சொல்லாதுண்ணா" என்று அண்ணனிடம் மார்தட்டினாள். அண்ணன் அதைக் குடியிருப்பு முழுவதும் தண்டோரா போட்டான்.

மெஷின் சொன்னது. கீழ்ப்படி. பதினெட்டுப் பேரும் கீழ்ப்படியில், ஒருவர் தலைமேல் ஒருவர் உட்கார்ந்தது போல ஒரே இடத்தில். மீனின் வாசனை கூட இல்லை.

இதில் எலும்பம்மா செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு, அதை அப்போது அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள். சூடான கடற்கரை மணல் எலும்பின் புரதத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிடும், பத்துத் துண்டு போட்டால் இரண்டில் ஏதாவது தேறினாலே அதிர்ஷ்டம். இவளுக்கோ பதினெட்டிலும் கொத்துக் கொத்தாகப் பஞ்சு வந்தது. "கைராசின்னா இதுதான்" என்று தன் கையைத் தானே மெச்சிக்கொண்டாள். வந்தது நல்ல புரதம்தானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, அதிலும் எல்லாம் பழுதில்லாமல் தேறியது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றதையும் தன் சுத்தமான வேலைக்குச் சாட்சி என்றே எடுத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினாள். பேராசிரியர் அன்றே போன் செய்தார்.

"உங்க நேர்மையைப் பாராட்டணும்மா. உங்க குடும்பம் இருக்கிற நிலைமையில இப்படி எழுத மனசு வேணும்."

அந்தப் பாராட்டுக்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன் வாசலில் படகு எஞ்சினின் பிளக்கைக் கழற்றி வைத்து, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தங்கை வந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான்.

"வந்துட்டாங்கய்யா மெஷின் அம்மா" என்றான், பிளக்கிடம்.

"எங்கிட்ட நேரா பேசுண்ணா."

"நேத்து வந்தவங்க பேச்சு உங்களுக்கு எதுக்குங்க?"

"மெஷின்ல வந்ததைத்தானே நான் சொன்னேன்? இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றியா?"

"பொய் சொல்லுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" இப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு நீதானே போய் நின்னே? அவருகிட்ட அதுவரைக்கும் வாய்தான் இருந்துச்சு. நீ போய்க் கையில கத்தியைக் கொடுத்துட்டு வந்திருக்கே. நாளைக்கு நம்ம பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. வரிசையா நின்னு அந்தப் பலகையைப் படிக்கும். உன் பேரும் கீழே இருக்கும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அவள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்தாள். சண்டை எப்படிப் போனாலும் அந்த வீட்டில் சாப்பாடு நிற்காது. அண்ணன் மீன் தலையைத் தவிர வேறு தொடமாட்டான். அண்ணிக்கு மொறுமொறுவென்று பொரித்தால்தான் இறங்கும். நாள் முழுக்க மீனோடே கிடக்கிற அம்மாவுக்கு வீட்டில் மீன் என்றாலே குமட்டும், அவள் பருப்போடு முடித்துக்கொள்வாள். அண்ணியின் மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் பேசாமல் சாப்பிடுவது அண்ணிக்குத் தாங்கவில்லை. அவள் வேடிக்கைக்காரி.

"இந்த வீட்டுல மீனைத் தொடாத ஒரே ஆம்பளை இவன்தான். ஆனா பாருங்க, இவன் உடம்புல ஓடுறது பூரா நான் தின்ன மீனு. மீனை நான் தின்னேன், என்னை இவன் தின்னுக்கிட்டு இருக்கான்."

அம்மா சிரித்தாள். அண்ணன்கூட மீசைக்குள் சிரித்தான். எலும்பம்மா சிரிக்கவில்லை. பிசைந்த கை அப்படியே நின்றது.

அண்ணி புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. இந்தப் படிப்பில் அரிச்சுவடி அது. பால் குடிக்கிற பிள்ளை தாயைத்தான் சாப்பிடுகிறது, ஆகவே ஏணியில் தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். தாய் மீன் தின்றாலும் சரி, கீரை தின்றாலும் சரி, அது மாறவே மாறாது. இடுகாட்டில் ஒரு பெண்ணின் மார்புக்கருகே ஒரு சிசு கிடந்தது. இருவரின் விலா எலும்பையும் அவள் தன் கையால் கரைத்திருக்கிறாள். ஆனால் சராசரி போட்டுப் பார்த்த அவசரத்தில் அந்த இருவரையும் தனியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள்.

"எங்கடி போறே? கையையாவது கழுவிட்டுப் போ!" என்று அம்மா கத்தினாள்.

சோதனைக்கூடத்தில் ஆள் நடமாட்டமில்லை. குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. எலும்பம்மா திரையில் இரண்டு புள்ளிகளைத் தேடிப் பிடித்தாள். தாயும் பிள்ளையும் ஒரே படியில் இருந்தார்கள். பக்கத்தில் பல்லெல்லாம் தேய்ந்த கிழவர் ஒருவரும் அதே படியில் இருந்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்: "ஒரே சட்டியில சாப்பிடுற எங்க வீட்டுலயே ஆளுக்கு ஒரு விதமாத் தின்னுறோம். பதினெட்டுப் பேரு ஒரே புள்ளியில எப்படி உக்காருவாங்க?" உட்கார முடியாது. அப்படி உட்கார்ந்தால் அது பதினெட்டுப் பேரல்ல. அவள் அளந்தது ஏதோ ஒன்றே ஒன்றை. அது பதினெட்டு எலும்பிலும் ஊறியிருக்கிறது, நல்ல புரதம் என்று சோதனையிலும் தேறுகிறது, புல் தின்று வளர்ந்திருக்கிறது.

மறுநாள் காலை கதவு திறந்ததும் அருங்காட்சியகக் காப்பாளர் முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர். எதையும் தொலைக்கமாட்டார், எதையும் தானாகச் சொல்லவும் மாட்டார்.

"சார், இந்த எலும்பு மேல எதுவும் தடவலைன்னு சொன்னீங்களே?"

"நீங்க வார்னிஷ் இருக்கா, மெழுகு இருக்கா, பிளாஸ்டிக் இருக்கான்னு கேட்டீங்க மேடம். அதெல்லாம் இல்லவே இல்லை."

"வேற என்ன இருக்கு?"

"வேற ஒண்ணும் இல்லை." அவர் கொஞ்சம் யோசித்தார். "தோண்டின உடனே உதிராம இருக்கப் பழைய ஆளுங்க வழக்கமாப் பண்றதுதான். வச்சிரப் பசையைக் காய்ச்சி, எலும்பை அதுல முக்கி எடுத்தாங்க. அதைப் போய் யாராவது தனியாச் சொல்லுவாங்களா? தச்சுக்காரங்க பலகை ஒட்டுற பசைதானே?"

எலும்பம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வச்சிரப் பசை மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. அதுவும் எலும்பின் புரதம்தான்! பிறகு சோதனையில் ஏன் தேறாது? மணல் தின்றுவிட்ட புரதத்தின் இடத்தில் பசை போய் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு மனிதர்களின் பெயரில் ஆஜர் கொடுத்திருக்கிறது. அவள் மெச்சிக்கொண்ட கைராசி பசைச் சட்டியின் ராசி. கீழ்ப்படியில் நின்று புல்லைத் தின்றது மனிதனே அல்ல, யாரோ எப்போதோ அடித்த மாடு. மேலாக இருந்த அழுக்கை அவள் சுரண்டியது உண்மைதான், ஆனால் கடற்பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்ட எலும்பை வெளியே சுரண்டி என்ன ஆகப்போகிறது?

"இன்னும் கொஞ்சம் துண்டு வேணும் சார்."

"ஐயோ மேடம், இனிமே தூசி கூடக் கிடைக்காது. எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு மூடியாச்சு. பலகையும் செதுக்கிக்கிட்டு இருக்காங்க."

அவளிடம் மீந்திருந்தது மூன்றே துண்டுகள். தாய், பிள்ளை, பல் தேய்ந்த கிழவர். ஒவ்வொன்றும் நகத்தளவு இருக்கும். மற்றதெல்லாம் முதல் தடவையே கரைந்துபோயிருந்தது.

அவள் சொன்ன பசைக் கதையைக் கேட்டுவிட்டுப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மீன்காரம்மா பொண்ணுக்கு மீனுதான் வேணும். முதல்ல வரலை. இப்ப வர வரைக்கும் கழுவிக்கிட்டே இருப்பீங்க. உலகம் அப்படித்தான் பேசும்."

எலும்பம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அப்ப உலகத்துக்குப் பதிலா நீங்களே வந்து உக்காருங்க சார். குப்பியில எல்லாம் நீங்களே வேற வேற கலர்ல நூல் கட்டுங்க. எது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம், உங்க மனசுல வச்சுக்குங்க. நான் கலரை மட்டும் பார்த்து வேலை செய்யறேன். வந்தது வந்ததுதான். கீழ்ப்படியே வந்தா பலகைக்கு அடியில என் பேரை இன்னும் பெரிசாப் போடுங்க."

பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் கோழை இல்லை. "வரேன்" என்றார்.

பசையைப் பிரிக்க ஒரு வழி உண்டு. பசை ஏற்கெனவே காய்ச்சி உருக்கியது, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடும். எலும்புக்குள் ஊறிப்போன சொந்தப் புரதம் அத்தனை சுலபத்தில் இறங்காது, சுண்ணாம்பைக் கரைத்து நன்றாகச் சூடேற்றினால்தான் உருகும். வெதுநீரில் விருந்தாளி எழுந்து போவான், வீட்டுக்காரன் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்காரன் என்று ஒருவன் இன்னும் மிச்சம் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

பேராசிரியர் மூலையில் திரும்பி நின்றுகொண்டு, எலும்புத் துண்டுகளைக் குப்பிகளில் போட்டு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நூல் கட்டினார். அவள் வெதுநீர் ஊற்றினாள், மாற்றினாள், மறுபடி ஊற்றினாள். முதல் நாள் தண்ணீர் லேசாகக் கொழகொழவென்று வந்தது. அதைக் கொட்டாமல் தனிக் குப்பியில் பிடித்து வைத்தாள். "இதையும் மெஷின்ல போடுவோம் சார்" என்றாள். அவர் அதற்கு வெள்ளை நூல் கட்டினார். தண்ணீர் வெறும் தண்ணீராக வருகிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அமிலத்தில் போட்டாள். சுண்ணாம்பு கரைய ஆரம்பித்ததும் குப்பிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். போன தடவை இந்தக் கட்டத்தில் துண்டு துண்டாக ஜெல்லி மாதிரி நின்றது. இந்தத் தடவை சிவப்பிலும் பச்சையிலும் துண்டுகள் மெலிந்துகொண்டே போயின. மஞ்சள் நூல் குப்பியில் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. அதையும் சூடாக்கி, வடிகட்டி, உறையவைத்தாள். எல்லாம் மணலோடு போய்விட்டதென்றால் அவளிடம் இனி ஒரு துண்டு கிடையாது, அண்ணன் முகத்தில் விழிக்க முகமும் கிடையாது. அது உறைந்து காய்கிற இரண்டு நாளும் அவள் உறைபெட்டிக்கு முன்னாலேயே கிடந்தாள்.

உறைபெட்டியிலிருந்து குப்பிகளை எடுத்தபோது பேராசிரியர்தான் முதலில் குனிந்து மஞ்சள் நூல் குப்பியைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

எலும்பம்மா குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம், மஞ்சளில் அதைவிடக் கொஞ்சம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியால் எடுத்து, வெள்ளீயத்தில் செய்த குட்டிக் கிண்ணங்களில் வைத்து மடித்தாள். தும்மல் வந்தால் எல்லாம் போயிற்று. "சார், தயவுசெஞ்சு பேசாதீங்க" என்றாள். பேராசிரியர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மெஷின் முதலில் வெள்ளை நூலைச் சொன்னது. கழுவிப் பிடித்த தண்ணீர். கீழ்ப்படி. போன தடவை பதினெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்த அதே புள்ளி, இம்மி பிசகவில்லை.

"இதுதான் சார் நம்ம உழவர்" என்றாள்.

அடுத்தது நீல நூல். எலும்பம்மா நெற்றியைச் சுருக்கினாள். நீலம் என்று ஒரு நூலை அவர் கட்டியதை அவள் கவனிக்கவே இல்லை. கழுவும்போது நான்கு குப்பி இருந்ததும் இப்போதுதான் உறைத்தது. பரபரப்பில் அவள் எண்ணிப் பார்க்கவில்லை, பஞ்சு நிறைய நின்ற நீலக் குப்பியையும் கழுவிய தண்ணீர்க் குப்பி என்றே நினைத்து மடித்துவிட்டாள். மெஷின் மறுபடி கீழ்ப்படியைச் சொன்னது. போச்சு என்று நினைத்தாள். பிறகு புள்ளியை நன்றாகப் பார்த்தாள். பசையின் புள்ளிக்குப் பக்கத்தில்தான், ஆனால் அதுவல்ல. எவ்வளவு பஞ்சு வந்தது என்று திரும்பிப் பார்த்தாள். குப்பி நிறைய வந்திருந்தது.

"சார், இது மனுஷனே இல்லை. புல்லு தின்னது. பழசும் இல்லை, புத்தம் புதுசு. நான் கொடுத்த எலும்பும் இல்லை. இது எங்கிருந்து வந்துச்சு?"

பேராசிரியர் இருமினார். கழுத்தைச் சொறிந்தார். அறுபது வயது மனிதர் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"ஆடு" என்றார் கடைசியில். "நூல் கட்டின அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டது. அதுக்கும் மீனுன்னு சொல்றீங்களான்னு பாக்கத்தான்..."

எலும்பம்மா அவரைப் பார்த்தாள். கோபப்பட வேண்டிய இடம், ஆனால் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மெஷின் சிவப்பு நூலைச் சொன்னது.

உச்சிப்படி. அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினில் இவ்வளவு உயரமாக ஒரு மனிதப் புள்ளி விழுந்து அவள் பார்த்ததில்லை. அடுத்து மஞ்சள். அதுவும் உயரம், சிவப்புக்குக் கொஞ்சம் கீழே. கடைசியாகப் பச்சை வந்தபோது திரையின் விளிம்பையே தள்ளிக்கொண்டு போனது. சிவப்புக்கு மேலே ஒரு படி. மிகச் சரியாக ஒரே ஒரு படி.

"சொல்லாதீங்க சார், நானே சொல்றேன்." "சிவப்பு அம்மா. பச்சை அவ பிள்ளை. மஞ்சள் அந்தப் பல்லுத் தேஞ்ச தாத்தா. மூணு பேரும் பிறந்ததுல இருந்து கடலைத்தான் தின்னுருக்காங்க. இந்தப் பிள்ளை செத்தப்ப இன்னும் பால் மறக்கலை."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வாழ்நாள் கட்சி கண்ணெதிரே கரைந்துபோவதைப் பார்ப்பது யாருக்கும் லேசான விஷயமல்ல. அவர் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெயித்தவளுக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

"இத்தனை காலமும் நான் மாட்டுப் பசைக்கு வக்காலத்து வாங்கியிருக்கேன்" என்றார். பிறகு எழுந்தார். "பலகையை நிறுத்தச் சொல்றேன். நானே போறேன். நீங்க போனா, மீன்காரம்மா பொண்ணு வந்து மாத்திட்டான்னு சொல்லுவாங்க. நான் போனா வாயை மூடிக்கிட்டு மாத்துவாங்க."

"அடியில என் பேரு?"

"பெரிசாப் போடச் சொல்றேன்."

எலும்பம்மா சந்தைக்கு ஓடினாள். நடந்து போகலாம் என்றுதான் கிளம்பினாள், தெருமுனை திரும்பியதும் கால் கேட்கவில்லை. சாயங்காலச் சந்தை நெரிசலாக இருந்தது. ஐஸ் பெட்டிகளிலிருந்து தண்ணீர் ஓடி வழியெல்லாம் ஈரம். அம்மா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அப்போதுதான் கூடையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன்னால் பட்டுப்போன்ற சேலை கட்டிய ஒரு பெண்மணி ஒரு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா!" என்று மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். "தின்னாங்கண்ணா. மீனுதான். கடல் மீனைத் தவிர வேற எதுவும் தின்ன மாதிரியே தெரியலை. நான் முன்ன அளந்தது பசையை. மாட்டுப் பசை! அம்மாவும் பிள்ளையும், அந்தக் கிழவரும், எல்லாம் நம்மளைவிட அதிகமா மீன் தின்னவங்க. பலகையை அவரே மாத்தறாரு."

அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் வியர்வையைத் துடைக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே" என்றான், துண்டுக்குள்ளிருந்தே.

"மெஷின் பொய் சொல்லலைண்ணா. நான்தான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டேன்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்தனை வருஷம்னு சொன்னே?"

"மூவாயிரம். ஆனா அம்மா, அவங்க நம்ம முன்னோருங்கதானான்னு எலும்பு சொல்லாது. இந்தக் கரையில இருந்தவங்க கடலைத் தின்னாங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கு மேல நாம ஒரு வார்த்தை..."

யார் கேட்டார்கள்? அம்மா ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள். சந்தையில் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை, பேச வேண்டியதையெல்லாம் உட்கார்ந்தே பேசிவிடுகிறவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். பேரம் பேசிய பெண்மணியின் கையிலிருந்து மீனை வாங்கித் தராசில் சப்பென்று போட்டாள். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூவாயிரம் வருஷமா இந்தக் கரையில மீனு தின்னுக்கிட்டு இருக்கோம்! பால்குடிப் பிள்ளைகூடத் தின்னுருக்கு, எம் பொண்ணு மெஷினை வச்சு நிரூபிச்சுட்டு வந்திருக்கா! இந்த மீனு என்ன விலைன்னு எங்களுக்குத் தெரியாதா? சொன்ன விலையைக் கொடு தாயி. நேத்து வந்தவங்ககிட்ட எல்லாம் நாங்க பேரம் பேசறதில்லை."